கிலவேயாவுக்கு ஜியாலஜி ஃபீல்ட் ட்ரிப் வர்றவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஹவாய் வால்கேனோஸ் நேஷனல் பார்க்குக்கு ஜியாலஜி படிக்கிற பசங்களை கூட்டிட்டு போற டீம்ல நானும் இருக்கேன். ஒவ்வொரு பேட்ச்சும் கிளம்புறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல கிட்டத்தட்ட அதே கேள்விங்க தான் வரும், அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிடறேன். சிலதுக்கு ரெண்டு வரி போதும். சிலதுக்கு நிறைய எழுதியிருக்கேன், பொறுமையா படிங்க, மலைக்கு போனப்புறம் அது தான் உங்களுக்கு உதவும்.

உலகத்துல இத்தனை எரிமலை இருக்கு, ஏன் இங்க போறோம்?

ஒரே பார்க்குக்குள்ள ரெண்டு உயிரோட்டமான எரிமலை இருக்கு, கிலவேயா, மௌனா லோவா. மௌனா லோவா 4,169 மீட்டர், 1984-ல வெடிச்சு அப்புறம் 38 வருஷம் சும்மா இருந்துட்டு 2022 நவம்பர்ல மறுபடி வெடிச்சுது. கிலவேயா அதை விட அடிக்கடி வெடிக்கும். அதோட 1912-லயே தாமஸ் ஜாகர்னு ஒரு ஜியாலஜிஸ்ட் கிலவேயா உச்சியில ஒரு அப்சர்வேட்டரி ஆரம்பிச்சார். 1902-ல கரீபியன்ல மோன் பெலே வெடிச்சு ஒரு ஊரே அழிஞ்சதை நேர்ல போய் பார்த்தவர் அவர், எரிமலை வெடிச்சப்புறம் போய் பார்த்து பிரயோஜனம் இல்ல, பக்கத்துலயே உக்காந்து வருஷக்கணக்கா கவனிக்கணும்னு அப்பவே அவருக்கு தோணியிருக்கு. பார்க் வந்தது அதுக்கப்புறம் தான், 1916 ஆகஸ்ட் 1. அதனால இங்க நீங்க மிதிக்கிற நிறைய பாறைக்கு எப்ப வந்துச்சு, எவ்ளோ சூடா வந்துச்சு, எந்த பக்கம் ஓடுச்சுன்னு ரெக்கார்டு இருக்கு. படிக்கிறவங்களுக்கு இதை விட என்ன வேணும் சொல்லுங்க, நீங்க பாறையை பார்த்து ஒரு கதை சொன்னா அது சரியா தப்பான்னு அங்கயே செக் பண்ணிடலாம்.

லாவா ஓடுறதை பார்க்க முடியுமா?

இதுக்கு யாராலயும் வாக்கு குடுக்க முடியாது. 2024 டிசம்பர் 23-ல இருந்து உச்சியில இருக்கிற ஹலெமாவுமாவு பள்ளத்துல விட்டு விட்டு வெடிப்பு நடந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள முடிஞ்சுடும், அப்புறம் சில நாள்ல இருந்து சில வாரம் வரைக்கும் இடைவெளி, மறுபடி நீரூற்று மாதிரி லாவா மேல எழும்பும், சில தடவை 300 மீட்டரை தாண்டியும் போயிருக்கு. நீங்க போற நாள்ல அது எந்த நிலைமையில இருக்கும்னு யூஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு அமைப்பு, தினமும் போடுற அப்டேட்ல பாருங்க. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நாலு கலர் கோடு இருக்கு, ட்ரிப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே அதை தினமும் படிக்க பழகிக்கோங்க. நிலம் எவ்ளோ சாயுதுன்னு காட்டுற டில்ட் கிராஃப்ல உச்சி மெதுவா உப்பிட்டே வர்றதும், வெடிச்ச உடனே சடார்னு இறங்குறதும் ரொம்ப தெளிவா தெரியும். அந்த கிராஃபை புரிஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்கு, லாவா இல்லாத நாள்லயும் அந்த பள்ளத்தோட விளிம்புல நிக்கிறது பெரிய விஷயமா இருக்கும்.

லாவா இல்லன்னா ட்ரிப் வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. லாவா இருக்கிற நாள்ல எல்லாரும் அதையே பார்த்துட்டு நிப்பாங்க, பாறையை யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. என்னை கேட்டா லாவா இல்லாத நாள்ல தான் பசங்க நிறைய கத்துக்கிறாங்க.

பாதுகாப்பானதா? வீட்ல பயப்படுறாங்க.

போர்டு வெச்சிருக்கிற எல்லைக்குள்ள இருந்தா ரிஸ்க் குறைவு, எல்லையை தாண்டினா நிஜமாவே உயிருக்கு ஆபத்து. பள்ளத்தோட விளிம்பு உறுதியா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா கீழ அரிச்சு வெறும் கூரை மட்டும் தொங்கிட்டு இருக்கலாம். விரிசல் மேல செடி மூடியிருக்கும். லாவா கடல்ல விழுற காலத்துல அங்க உண்டாகிற புது நிலம் எச்சரிக்கையே இல்லாம மொத்தமா கடலுக்குள்ள சரியும், அங்க எழுற வெள்ளை புகையில ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் பொடி கண்ணாடியும் கலந்திருக்கும்.

வீட்ல கேட்டா, ஹவாய் எரிமலை எப்பவும் சாதுவா தான் வெடிக்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது உண்மை இல்ல. 1790-ல கிலவேயா பயங்கரமா வெடிச்சு அந்த வழியா போன போர்வீரர் கூட்டத்துல நிறைய பேர் செத்துப்போனாங்க. 1924-ல ஹலெமாவுமாவு டன் கணக்குல எடையுள்ள பாறைங்களை தூக்கி வீசுச்சு, படம் எடுக்க கிட்ட போன ஒருத்தர் அடிபட்டு இறந்தார். அந்த பாறைங்கள்ல சிலது இன்னும் விழுந்த இடத்துலயே கிடக்கு. கயிறு கட்டின இடத்தை தாண்டாதீங்கன்னு நாங்க கத்துறதுக்கு காரணம் இது தான்.

ஆஸ்துமா இருக்கு, வரலாமா?

முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க, அப்புறம் எங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க, மறைக்காதீங்க. இங்க முக்கிய பிரச்சனை சல்ஃபர் டை ஆக்சைடு. வழக்கமா காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், புகையை தென்மேற்கா தள்ளிட்டு போயிடும், நாம நடக்கிற பக்கம் காத்து நல்லா இருக்கும். காத்து நின்னுட்டா இல்ல திசை மாறிட்டா அதே புகை உச்சி முழுக்க தேங்கிடும். மூக்குல எரிச்சல், தொண்டையில கரகரப்பு, இருமல் வந்தா அடுத்த நிமிஷமே வண்டியில ஏறி கண்ணாடியை மூடிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துடணும். இன்ஹேலர் பையோட அடியில இருந்தா உதவாது, பாக்கெட்ல இருக்கட்டும். சாதாரண துணி மாஸ்க் கேஸை தடுக்காது. ஆஸ்துமா, இதய பிரச்சனை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, நிலத்துல இருந்து எரிமலை கேஸ் வர்ற சல்ஃபர் பேங்க்ஸ் பக்கம் வர வேண்டாம், அந்த நேரம் வேற வேலை குடுப்போம், மார்க் எதுவும் குறையாது.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

கணுக்கால் வரைக்கும் மூடுற பூட்ஸ், முழு பேன்ட், ரெயின் ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், தொப்பி, சன்ஸ்க்ரீன், டார்ச். ஹவாய்னா பீச்ன்னு நினைச்சு வெறும் ஷார்ட்ஸோட வந்து நடுங்குறவங்க ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்காங்க. உச்சி 1,200 மீட்டர் உயரத்துல இருக்கு, மழையும் காத்தும் சேர்ந்தா நல்லா குளிரும். ஒரு பக்கம் மழைக்காடு, வண்டியில கொஞ்ச நேரம் போனா கவூ பாலைவனம், ஒரே நாள்ல ரெண்டும் பார்ப்பீங்க.

கெட்டி தோல் கையுறை எடுத்துக்கோங்க. புது லாவா மேல தடுக்கி கையை ஊனினா உள்ளங்கை கிழிஞ்சுடும், அது கண்ணாடி தான். தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், நடைபாதையில எங்கயும் குழாய் கிடையாது. 10 மடங்கு லென்ஸ், தண்ணி பட்டாலும் கெடாத நோட்புக், பென்சில், சின்ன ஸ்கேல். பேனா வேண்டாம், மழையில மை கரைஞ்சு நோட்ஸ் மொத்தமும் போயிடும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க மூக்குக்கண்ணாடியும் கொண்டு வாங்க. வெடிப்பு நடக்கிற சமயத்துல பெலேயின் தலைமுடின்னு (பெலே ஹவாய் மக்களோட தெய்வம்) சொல்ற மெல்லிசான கண்ணாடி இழை காத்துல மிதந்து வரும், பார்க்க பொன்னிறமா அழகா இருக்கும், கண்ணுல பட்டா அவ்ளோ தான். கையால தொடாதீங்க, தொட்ட கையால முகத்தையும் தடவாதீங்க.

சுத்தியல் கொண்டு வரலாமா? ஒரு சின்ன கல் மட்டும் எடுத்துக்கலாமா?

ரெண்டுக்கும் முடியாது தான் பதில். நேஷனல் பார்க்ல கல், மணல், செடி, எதையும் எடுக்கக்கூடாது, உடைக்கவும் கூடாது, அது சட்டம். ஆராய்ச்சிக்கு சாம்பிள் வேணும்னா அதுக்கு தனி பர்மிட் வாங்கணும், க்ளாஸ் ட்ரிப்புக்கு அது கிடையாது. சுத்தியலை ரூம்லயே வெச்சிட்டு வாங்க, பையில இருந்தா கை சும்மா இருக்காது.

உடைக்காம எப்படி பாறையோட உள் பக்கத்தை பார்க்கிறதுன்னு கேட்பீங்க. ரோடு வெட்டின சுவர் இருக்கு, லாவா குளத்தோட விரிசல் இருக்கு, தானா நிமிர்ந்து நிக்கிற பலகைங்க இருக்கு, இயற்கையே உடைச்சு வெச்சிருக்கு. ஆயிரக்கணக்கான பேர் வருஷா வருஷம் வந்து பாடம் படிக்கிற இடம் இது, ஆளுக்கு ஒரு கல்னு எடுத்தா அடுத்த பேட்ச்சுக்கு என்ன மிச்சம் இருக்கும்? கையில எடுத்து பார்க்க லேப்ல கலெக்‌ஷன் இருக்கு, ட்ரிப்புக்கு முன்னாடியே அதை உக்காந்து பார்த்துட்டு வாங்க.

கிலவேயா இகிக்கு ஏன் அரை நாள் ஒதுக்குறீங்க? ரெண்டு மணி நேரத்துல முடிக்கலாம்னு போட்டிருக்கே?

கிலவேயா இகி, கிலவேயா உச்சிக்கு பக்கத்துல இருக்கிற பள்ளம். நடந்து முடிக்கலாம், படிச்சு முடிக்க முடியாது. சுத்திட்டு வர்ற பாதை 5.3 கிலோமீட்டர், விளிம்புல இருந்து 120 மீட்டர் இறங்கி பள்ளத்தோட தரையில நடந்து மறுபடி ஏறணும். அந்த தரை என்னன்னு தெரிஞ்சா யாருக்கும் வேகமா நடக்க மனசு வராது.

1959 நவம்பர் 14 ராத்திரி இந்த பள்ளத்தோட சுவர்ல விரிசல் விட்டு லாவா வந்துச்சு. டிசம்பர் 20 வரைக்கும் 17 தடவை விட்டு விட்டு பொங்குச்சு, அதுல ஒரு தடவை 580 மீட்டர் உயரத்துக்கு எழும்புச்சு. பொங்கின லாவா பள்ளத்துல 130 மீட்டர் ஆழத்துக்கு கிட்ட நிரம்பி ஏரியா நின்னுச்சு. ஒவ்வொரு தடவை பொங்கி முடிச்சதும் கொஞ்சம் லாவா வந்த வழியாவே திரும்ப உள்ள இறங்கியிருக்கு, அதனால சுவர்ல இப்ப இருக்கிற தரைக்கு மேல ஒரு கறுப்பு கோடு பள்ளம் முழுக்க ஓடும், லாவா அதிகபட்சமா நின்ன மட்டம் அது. இறங்கின உடனே அதை தேடி பாருங்க.

மேல ஓடு கட்டிடுச்சு, உள்ள அப்படியே உருகின நிலையில வருஷக்கணக்கா இருந்துச்சு. விஞ்ஞானிங்க 1960-ல இருந்து அந்த ஓட்டுல துளை போட்டு எவ்ளோ ஆழத்துல உருகின பாறை ஆரம்பிக்குது, வெப்பம் எவ்ளோ, எந்த கனிமம் முதல்ல உறையுதுன்னு அளந்துட்டே இருந்தாங்க. முழுசா கெட்டியாக 1990கள் நடுப்பகுதி ஆச்சு. இப்பவும் நடுவுல விரிசல்ல இருந்து ஆவி வரும், அது மழைத்தண்ணி கீழ இறங்கி சூடாகி மேல வர்றது. கையை மேல காட்டி பாருங்க, உள்ள விடாதீங்க.

க்ளாஸ்ல கனிமங்க எந்த வரிசையில உறையும்னு சொல்ற போவன் ரியாக்‌ஷன் சீரிஸை போர்டுல அம்புக்குறி போட்டு படிச்சோமே, ஆலிவின்னு ஒரு கனிமம் முதல்ல உறையும்னு, அது இங்க உங்க காலுக்கு கீழ நிஜமாவே நடந்திருக்கு. 1959 லாவால ஆலிவின் நிறைய. நிமிர்ந்து நிக்கிற ஒரு பலகைகிட்ட மண்டி போட்டு லென்ஸை கண்ணோட ஒட்டி வெச்சு பாறை பக்கம் மெதுவா குனிங்க. மேல்தோல் சில மில்லிமீட்டர் தடிமன்ல கறுப்பு கண்ணாடி. அதுக்கு கீழ ஊசி முனை அளவு ஓட்டைங்க, இன்னும் கீழ போக போக ஓட்டை பெருசாகும், ஏன்னா உள்ள மெதுவா ஆறினதால கேஸ் குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேர நேரம் கிடைச்சிருக்கு. ஓட்டைங்களுக்கு நடுவுல பச்சை புள்ளி தெரியும், வெயில் பட்டா மின்னும், அது தான் ஆலிவின். வெயில் பட்டு தான் முழுசா தெரியும், மேகம் இருந்தா காத்திருந்து பாருங்க.

பாஹொய்ஹொய், ஆ-ஆ, ரெண்டும் வேற வேற லாவாவா?

வேதியியல்படி ரெண்டும் ஒண்ணா இருக்கலாம், ரெண்டும் பசால்ட்னு சொல்ற எரிமலை பாறை தான், சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். வித்தியாசம் வந்தது ஓடின விதத்துல. சூடா, இளக்கமா, நிதானமா ஓடினா மேல்தோல் கிழியாம மடியும், அது பாஹொய்ஹொய், ஆறின பால் மேல ஆடையை விரலால தள்ளினா சுருங்குமே அந்த மாதிரி மடிப்பு விழும். சூடு குறைஞ்சு பாகு கெட்டியாகி, சரிவுல வேகமா இழுபட்டா தோல் கிழிஞ்சு கிழிஞ்சு முள்ளு முள்ளான கட்டிங்களா உருளும், அது ஆ-ஆ. பாஹொய்ஹொய் போற வழியில ஆ-ஆவா மாறும், ஆ-ஆ திரும்ப பாஹொய்ஹொய் ஆகாது. செயின் ஆஃப் க்ரேட்டர்ஸ் ரோட்ல பாலின்னு சொல்ற செங்குத்தான சரிவுல இந்த மாற்றத்தை வெளியில நின்னே பார்க்கலாம்.

குமிழியையும் கவனிங்க. பாஹொய்ஹொய்ல பெரும்பாலும் உருண்டையா இருக்கும், ஆ-ஆல இழுபட்டு கோணல்மாணலா இருக்கும். கையளவு துண்டு தான் தெரியுதுன்னாலும் இதை வெச்சு ஓரளவு சொல்லிடலாம்.

ஃபீல்ட் நோட்புக்ல என்ன எழுதணும்? மார்க் எதுக்கு?

மார்க் மொத்தமும் நோட்புக்குக்கு தான், அதுலயும் படத்துக்கும் வர்ணனைக்கும் தான் அதிகம், பேருக்கு கம்மி. காரணம் சொல்றேன். ஒரு இடத்துல வண்டியை நிறுத்தின உடனே யாராவது "இது ஸ்கோரியா" இல்ல "இது பாஹொய்ஹொய்"னு சத்தமா சொல்லிடுவாங்க, அவ்ளோ தான், மத்த எல்லாரும் அதை எழுதிட்டு பாறையை பார்க்கிறதையே நிறுத்திடுவாங்க. பேர் தெரிஞ்சதும் கண்ணு சோம்பேறி ஆயிடுது. அதனால எங்க ட்ரிப்ல ஒரு ரூல், ஒவ்வொரு ஸ்டாப்லயும் முதல் பத்து நிமிஷம் யாரும் பாறையோட பேரை வாயால சொல்லக்கூடாது, எழுதவும் கூடாது.

அந்த பத்து நிமிஷத்துல இடம், நேரம், வானிலை எழுதுங்க. அப்புறம் எங்க நின்னு எந்த திசையை பார்க்கிறீங்களோ அதை போட்டு ஒரு படம் வரைங்க, அளவுகோடு இல்லாத படத்துக்கு மார்க் கிடையாது. வரையத் தெரியாதுன்னு சொல்லாதீங்க, கோடு கோணலா இருந்தா பரவாயில்ல, எந்த அடுக்கு எதுக்கு மேல இருக்கு, எது எதை வெட்டிட்டு போகுதுங்கிறது சரியா இருக்கணும். கலர், உடைஞ்ச முகத்துல ஒரு கலர் வெயில்பட்ட முகத்துல வேற கலர், குமிழி அளவு, வடிவம், எந்த பக்கம் நீண்டிருக்கு, படிகம் எத்தனை சதவீதம் இருக்கும்னு ஒரு கணிப்பு, எல்லாம் எழுதுங்க. இது எல்லாம் இடது பக்கம். இது எப்படி உண்டாயிருக்கும்னு நீங்க நினைக்கிறது வலது பக்கம், கூடவே எதை பார்த்து அப்படி நினைக்கிறீங்கன்னு இடது பக்கத்துக்கு ஒரு அம்பு. சாயங்காலம் கருத்து மாறினா வலது பக்கத்தை அடிச்சிட்டு புதுசா எழுதுங்க, இடது பக்கத்துல கை வைக்காதீங்க, பார்த்தது பார்த்தது தான்.

போட்டோ எடுங்க, வேண்டாம்னு சொல்லல, பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க. ஆனா போட்டோ எடுக்கும்போது கண்ணு எதையும் தேர்ந்தெடுக்கிறதில்ல, வரையும்போது ஒவ்வொரு கோடுக்கும் நீங்க ஒரு முடிவு எடுத்தாகணும்.

காம்பஸ் ரீடிங் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வருதே?

வரும். பசால்ட்ல மேக்னடைட்னு காந்த கனிமம் இருக்கு, பாறை மேல காம்பஸை வெச்சா ஊசி அது பக்கம் இழுபடும். பாறையை விட்டு தள்ளி இடுப்பு உயரத்துல பிடிச்சு எடுங்க, ரெண்டு மூணு இடத்துல நின்னு எடுத்து ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஃபோனும் பெல்ட் பக்கிளும் தூரமா இருக்கட்டும்.

ரெட்டிகுலைட்னு ஒண்ணு சொல்றாங்களே, தண்ணியில மிதக்குமா?

மிதக்காது, இங்க தான் நிறைய பேர் ஏமாறுவாங்க. லாவா நீரூற்று ரொம்ப உயரமா எழும்பும்போது கேஸ் அவ்ளோ விரியுது, குமிழிங்களோட சுவரே வெடிச்சு போய் வெறும் கண்ணாடி இழை வலை மட்டும் மிஞ்சும். கன அளவுல 95 சதவீதத்துக்கு மேல வெறும் காத்து. கையில வெச்சா எடையே தெரியாது. ஆனா அறைங்க எல்லாம் திறந்து கிடக்கிறதால தண்ணி உள்ள புகுந்து முழுகிடும். நுரைக்கல்னு சொல்ற பியூமிஸ்ல குமிழிங்க பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால அது மிதக்கும்.

பிளேட் ஓரத்துல தானே எரிமலை வரும், பசிஃபிக் நடுவுல எப்படி?

1963-ல டூஸோ வில்சன்னு ஒரு கனடா விஞ்ஞானி இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தார். கீழ மேன்டில்ல ஒரு சூடான இடம் ஏறக்குறைய ஒரே இடத்துல இருக்கு, மேல பசிஃபிக் பிளேட் வருஷத்துக்கு 7-ல இருந்து 10 சென்டிமீட்டர் வடமேற்கா நகருது, அதனால ஒரு எரிமலை வளர்ந்து, நகர்ந்து, அணைஞ்சு, அடுத்தது முளைக்குது. வடமேற்கா போக போக தீவுங்களுக்கு வயசு கூடும், கடலுக்கடியில இந்த வரிசை ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் போகுது, நடுவுல ஏறக்குறைய 4.7 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு திருப்பம் இருக்கு. அடுத்த எரிமலை ஹவாய் தீவுக்கு தென்கிழக்குல கடலுக்குள்ள வளர்ந்துட்டு இருக்கு, காமா எஹுவாகனலோவா, முன்னாடி லோய்ஹின்னு சொல்லுவாங்க, அதோட உச்சி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் கீழ இருக்கு. அந்த சூடான இடம் நிஜமாவே அசையாம இருக்கா, எவ்ளோ ஆழத்துல இருந்து வருதுங்கிறதெல்லாம் இன்னும் விவாதத்துல இருக்கு, ராத்திரி டிஸ்கஷனுக்கு அதை வெச்சிருக்கோம், படிச்சிட்டு வாங்க.

2018-ல என்ன ஆச்சு? அதோட அடையாளம் இப்ப தெரியுமா?

நல்லாவே தெரியும். 1983 ஜனவரில கிலவேயாவோட கிழக்கு பக்கம் ஆரம்பிச்ச புவு ஓஓ கூம்பு வெடிப்பு 35 வருஷம் ஓடுச்சு. 2018 ஏப்ரல் கடைசியில அந்த கூம்போட தரை உள்ள விழுந்துச்சு, மாக்மா, அதாவது நிலத்துக்குள்ள இருக்கிற உருகின பாறை, கிழக்கு பக்கமா கீழ் நோக்கி நகர்ந்து மே 3-ல குடியிருப்புக்கு நடுவுல விரிசல் விட்டு வெளிய வந்துச்சு. மே 4-ல 6.9 அளவு நிலநடுக்கம். 700-க்கு மேல வீடுங்க போச்சு. கீழ மாக்மா வடிய வடிய உச்சியில தாங்க ஆள் இல்லாம கிட்டத்தட்ட தினமும் ஒரு தடவை தரை இறங்குச்சு, ஹலெமாவுமாவு ஏறக்குறைய 500 மீட்டர் ஆழமாச்சு. பார்க்கை மே 11-ல மூடி செப்டம்பர் 22-ல தான் திறந்தாங்க. ஜாகர் பேர்ல இருந்த மியூசியம் கட்டிடம் சேதமாகி மூடினது மூடினது தான். பழைய க்ரேட்டர் ரிம் ரோடு துண்டா அறுந்து பள்ளத்துக்குள்ள கிடக்கிறதை விளிம்புல இருந்து பார்க்கலாம்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் நடந்தது. 2019-ல அந்த பள்ளத்தோட அடியில தண்ணி ஊற ஆரம்பிச்சு, நிலத்தடி நீர் மட்டத்துக்கு கீழ பள்ளம் போயிட்டதால, ஒரு வருஷத்துக்கு மேல அங்க ஏரி இருந்துச்சு. 2020 டிசம்பர் 20 ராத்திரி லாவா வந்து மொத்த தண்ணியையும் ஆவியாக்கிடுச்சு. உச்சி உள்ள விழுந்து உண்டாகிற பெரிய பள்ளமான கால்டெரா எப்படி உண்டாகுதுன்னு புக்ல ஒரு படம் இருக்கும், இங்க அது மூணே மாசத்துல அளவெடுக்கிற கருவிங்க முன்னாடி நடந்துச்சு.

பெலே பத்தி சொல்றாங்களே, அதை எப்படி எடுத்துக்கிறது?

ஹவாய் மக்களுக்கு பெலே தெய்வம், ஹலெமாவுமாவு அவங்க வீடு. நமக்கு கோயில்ல எப்படி நடந்துக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதே மரியாதையோட இருங்க. பள்ளத்துக்குள்ள எதையும் வீசக்கூடாது, விளிம்புல ஏறி நின்னு கத்தக்கூடாது, யாராவது அங்க சடங்கு பண்ணிட்டு இருந்தா படம் எடுக்காம தள்ளி வாங்க. கல்லு மேல கல்லு அடுக்கி வைக்கிறதும் வேண்டாம், லாவா தரையில பாதை காட்டுறதுக்கு வெச்சிருக்கிற கல் குவியல் இருக்கு, நீங்க புதுசா ஒண்ணு அடுக்கினா பனிமூட்டத்துல வர்ற ஆளு வழி தப்பிடுவார்.

பூட்ஸை ஏன் ஸ்பிரிட் போட்டு துடைக்க சொல்றீங்க?

புது லாவா மேல முதல்ல முளைக்கிற மரங்கள்ல ஓஹியா முக்கியமானது. ஒரு பூஞ்சை நோய் அந்த மரத்தை கூட்டம் கூட்டமா கொன்னுட்டு இருக்கு, மண்ணோட ஒட்டிட்டு ஷூல பயணம் பண்ணும். மண்ணை பிரஷ்ல தட்டிட்டு 70 சதவீத ஆல்கஹால் அடிக்கணும், காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும். மரத்தை கீறாதீங்க, கிளை உடைக்காதீங்க. பயணம் முடிச்சு ஊருக்கு கிளம்பும்போதும் இதை பண்ணுங்க.

ட்ரோன் பறக்க விடலாமா?

கூடாது. அமெரிக்க நேஷனல் பார்க் எதுலயும் 2014-ல இருந்து தடை.

சாப்பாடு, டாய்லெட், சிக்னல்?

உச்சி பக்கம் டாய்லெட் இருக்கு, பாதைக்குள்ள கிடையாது, இறங்குறதுக்கு முன்னாடி போயிட்டு வாங்க. பீரியட்ஸ் நாளா இருந்தா டீம்ல இருக்கிற அக்காங்ககிட்ட சொல்லுங்க, வண்டி நிக்கிற இடத்தை அதுக்கு தகுந்த மாதிரி பார்த்துக்கலாம், இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. செயின் ஆஃப் க்ரேட்டர்ஸ் ரோடு 30 கிலோமீட்டர் கீழ கடல் வரைக்கும் 1,100 மீட்டருக்கு மேல இறங்கும், அதுல பெட்ரோல் பங்க் இல்ல, கடை இல்ல, ஃபோன் சிக்னலும் நம்ப முடியாது. மதிய சாப்பாடு காலையிலயே கட்டி எடுத்துடணும். நேனே வாத்து ரோட்ல வரும், வண்டியை மெதுவா ஓட்டணும், எவ்ளோ கெஞ்சலா பார்த்தாலும் சாப்பாடு போடாதீங்க.

நுழைவு கட்டணம்?

தனியார் கார் ஒண்ணுக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். கல்வி குழுவுக்கு கட்டண விலக்கு கேட்கலாம், முன்கூட்டியே பாடத்திட்டத்தோட விண்ணப்பிக்கணும், அதை நாங்க பார்த்துக்கிறோம், உங்ககிட்ட கேட்கிறது பேர் பட்டியல் மட்டும் தான்.

நான் ஜியாலஜி மேஜர் இல்ல, புரியுமா?

புரியும். பேர் தெரியாதவங்க தான் அந்த பத்து நிமிஷ ரூலை சுலபமா கடைபிடிக்கிறாங்க. ஆலிவின், பைராக்சீன், ப்ளேஜியோக்ளேஸ், இந்த மூணு கனிமமும் எப்படி இருக்கும்னு மட்டும் லேப்ல ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.

கேஸ் அதிகமாகி பார்க்கை மூடிட்டா?

அப்படி ஒரு நாள் வந்தா பார்க்குக்கு வெளிய போவோம், அதுக்கு திட்டம் எப்பவும் கையில இருக்கும். புனா பக்கம் லாவா ட்ரீ ஸ்டேட் மான்யுமென்ட்ல 1790 லாவா மரத்தை சுத்தி உறைஞ்சு, மரம் எரிஞ்சு போய் அச்சு மட்டும் தூண் தூணா நிக்குது, லாவா எவ்ளோ உயரத்துல வந்து எவ்ளோ இறங்குச்சுன்னு அதை வெச்சே அளக்கலாம். அங்க இருந்து போஹோய்கி, 2018 லாவா கடல்ல விழுந்து நொறுங்கின கறுப்பு மணல் புது கடற்கரையாயிருக்கு, அப்ப அது படகுத்துறையோட வாயையே அடைச்சிடுச்சு. ஹிலோ பக்கம் கவுமானா குகை இருக்கு, 1881-ல மௌனா லோவா லாவா ஊரை நோக்கி வந்தப்ப உண்டான லாவா குழாய், மேல ஓடு கட்டி உள்ள சூடு போகாம ஓடினதால தான் லாவாவால அவ்ளோ தூரம் வர முடிஞ்சுது. அதுக்கு டார்ச் ஆளுக்கு ரெண்டு வேணும், பேட்டரியை முந்தின நாள் ராத்திரியே மாத்திடுங்க.